பேஸ்லைன் எடுத்தால் மகனின் தலைக்குப் பயமில்லையா?

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அவரது கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு 16 வயது. கண்டியில் விடுதியில் தங்கி, தமிழ்மொழி மூலம் 11ஆம் தரம் படிக்கிறான். பாடசாலை றக்பி அணியில் இருக்கிறான். பருவம் தொடங்குமுன் அணியிலுள்ள எல்லாருக்கும் தனியார் நிலையமொன்று கணினியில் ‘கன்கஷன் பேஸ்லைன்’ (மூளையதிர்ச்சிக்கான முன்கூட்டிய அளவு) சோதனை எடுக்கப்போகிறது. பெற்றோர் 6,500 ரூபா கட்டிக் கையெழுத்திட வேண்டும். கணவருக்கு இது வீண்செலவு. தலைக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தால் போதும் என்கிறார். தாயாருக்கோ, சோதனை எடுத்துவிட்டால் பிள்ளையின் தலைக்கு ஒன்றும் ஆகாது என்று ஓர் ஆறுதல். போன வருடம் ஒரு மெட்சில் இன்னொருவனின் முழங்கால் நெற்றியில் பட்டு மகன் விழுந்தான். மயங்கவில்லை. அன்று பின்னேரமே தனியாக பஸ்ஸேறி வீட்டுக்கு வந்தான். கினிகத்தேனை வளைவுகளில் இரண்டு தரம் வாந்தியெடுத்தான். பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றான். மறுநாள் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், ‘ஒன்றுமில்லை’. ஆனால் அதன்பிறகு இரண்டு கிழமை தலையிடி இருந்ததை இப்போதுதான் சொல்கிறான். சோதனையில் வேண்டுமென்றே குறைவாகச் செய்துவைத்தால், பிறகு அடிபட்டாலும் ‘பாஸ்’ ஆகி விளையாடலாம் என்று அணியின் பெரிய பையன்கள் சொல்லிக் கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறான். சோதனை ஆங்கிலத்தில் நடக்குமாம். 12 வயது மகள் ஊர்ப் பாடசாலையில் உதைபந்தாட்டம் ஆடுகிறாள். அவளுக்கு இப்படி எதுவும் இல்லை. கையெழுத்து வைக்கவா, வேண்டாமா? இதுதான் அவரது கேள்வி.

அன்புள்ள சகோதரி,

கையெழுத்துக்குப் பிறகு வருகிறேன். போன வருடத்து அடியை நீங்கள் முடிந்துபோன கதையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் விஷயம்.

கடிதத்தை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாதுதான். ஆனால் நெற்றியில் முழங்கால் பட்டது, வாந்தி, இரண்டு கிழமைத் தலையிடி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் மகனுக்கு வந்தது பெரும்பாலும் கன்கஷன், அதாவது மூளையதிர்ச்சிதான். மயக்கம் வரவில்லை என்பதால் அது இல்லையென்று ஆகாது. விளையாட்டில் வரும் கன்கஷன்களில் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே நினைவு தப்புகிறது. ஸ்கேன் ‘ஒன்றுமில்லை’ என்பதற்கும் நீங்கள் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. சி.டி. ஸ்கேன் தேடுவது இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். கன்கஷனில் கெடுவது மூளைக் கலங்கள் வேலை செய்யும் விதம். அது சாதாரண ஸ்கேனில் படமாக விழாது. ஸ்கேன் எடுத்தது சரியான காரியம்தான். ஆனால் அது ஒரு பயத்தைத் தீர்த்ததே தவிர, மற்றக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

அந்த வாந்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமது மலைப்பாதையில் பஸ்ஸில் வாந்தியெடுக்காத பிள்ளை யார்? அதனால்தான் ஆபத்து. தலையில் அடிபட்டவன் வளைவில் வாந்தியெடுத்தால், அது அடியினாலா வளைவினாலா என்று கூட இருப்பவர்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அடிபட்ட நாளில் பிள்ளையைத் தனியாக பஸ்ஸில் அனுப்பக்கூடாது என்று விடுதிப் பொறுப்பாளரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். குறைந்தது முதல் மூன்று மணித்தியாலம் ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அன்றிரவு கண்டியிலேயே தங்கட்டும்.

பேஸ்லைன் எதை அளக்கிறது

தேயிலைக் கொழுந்து நிறுப்பதை நீங்கள் பார்த்து வளர்ந்திருப்பீர்கள். சாக்கின் எடை தெரிந்தால்தான் உள்ளே இருக்கும் கொழுந்தின் எடை தெரியும். பேஸ்லைன் என்பது அந்த வெறுஞ்சாக்கின் எடை. அடிபடாத நாளில் பிள்ளையின் நினைவாற்றல், கவனம், உடற்சமநிலை, வழக்கமான தலையிடி, தூக்கம் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று எழுதிவைப்பது. பிறகு அடிபட்டால் இன்னொரு தரம் அளந்து, வித்தியாசத்தைப் பார்ப்பது. அவ்வளவுதான். எந்த அடியையும் அது தடுக்காது. ‘டெஸ்ட் எடுத்தாயிற்று, இனிப் பயமில்லை’ என்ற நினைப்பு வந்துவிட்டால், எடுக்காமல் இருப்பதைவிட அது மோசம்.

2022 ஒக்டோபரில் அம்ஸ்டர்டாமில் கூடிய கன்கஷன் நிபுணர் மாநாட்டின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. அவற்றோடு வந்த ஸ்காட்-6 (SCAT6) என்ற பரிசோதனைப் படிவம்தான் இன்று வைத்தியர்கள் பரவலாகப் பயன்படுத்துவது. பேஸ்லைன் இருந்தால் உதவும், ஆனால் கட்டாயமில்லை என்பதே இன்றைய நிலைப்பாடு. பேஸ்லைன் இல்லாத பிள்ளையையும் அனுபவமுள்ள வைத்தியர் பரிசோதித்து முடிவு சொல்ல முடியும்.

ஸ்காட்-6 பதின்மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கானது. ஒழுங்காகச் செய்ய 10 முதல் 15 நிமிடம் வேண்டும். அதற்குள் முடித்தால் எதையோ தாண்டிவிட்டார்கள் என்று அர்த்தம். முதலில் 22 அறிகுறிகள்: தலையிடி, தலைச்சுற்று, வெளிச்சம் கூசுதல், எரிச்சல், தூக்கக் குழப்பம் என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை பிள்ளையே புள்ளியிட வேண்டும். அடிபடாத நாளிலும் இது பூச்சியமாக இருக்கவேண்டியதில்லை. பரீட்சை நெருங்கும் பதினொராம் தரத்துப் பிள்ளைக்குக் களைப்பும் பதற்றமும் இருக்கத்தானே செய்யும்? அடுத்து மாதம், திகதி, கிழமை, வருடம், நேரம். பிறகு பத்துச் சொற்களை வினாடிக்கு ஒன்றாக வாசித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், மூன்று தரம். எண்களைப் பின்னிருந்து சொல்ல வேண்டும். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கி 30 வினாடிக்குள் சொல்ல வேண்டும். கண்ணை மூடி, கையை இடுப்பில் வைத்து, மூன்று விதமாக நிற்க வேண்டும், ஒவ்வொன்றும் 20 வினாடி. கை விலகினால், கண் திறந்தால், கால் தடுமாறினால் ஒவ்வொரு பிழை. 3 மீற்றர் கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்க வேண்டும். குறைந்தது ஐந்து நிமிடம் கழித்து அந்தப் பத்துச் சொற்களை மறுபடி கேட்பார்கள்.

கணினிச் சோதனைகள் இவற்றில் நினைவு, கவனம், பதில் கொடுக்கும் வேகம் ஆகியவற்றை மட்டும் கூடுதல் நுணுக்கமாக அளக்கும். நடையையும் நிற்பதையும் அளக்காது. அதனால் ஒன்றை மற்றதற்கு மாற்றாக நினைக்காதீர்கள்.

மொழி சின்ன விஷயமல்ல

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்தியது, சோதனை ஆங்கிலத்தில் என்பதுதான். ஸ்காட்-6இன் ஆங்கிலச் சொற்பட்டியல் ஒன்றில் குதிரைச் சேணமும் நங்கூரமும் வருகின்றன. தலவாக்கலைப் பிள்ளை இவற்றை எங்கே கண்டது? தெரியாத சொல்லை நினைவில் வைக்கத் தவறினால், அது நினைவாற்றலின் குறையல்ல, மொழியின் குறை. அப்படிக் கிடைக்கும் எண் தாழ்ந்தே இருக்கும். பிறகு உண்மையாக அடிபட்டு நினைவு மங்கினாலும் ‘முன்பும் இப்படித்தானே’ என்று தோன்றும்.

பிள்ளை எந்த மொழியில் கணக்குப் போடுகிறதோ அந்த மொழியில்தான் சோதனை இருக்க வேண்டும். தமிழில் எடுத்தால் எந்தச் சொற்களை வாசித்தார்கள் என்பதைப் படிவத்திலேயே எழுதிவைக்க வேண்டும். பட்டியல் பிள்ளைகளின் கையில் போய்ச் சேரக்கூடாது. மாதங்களை ஜனவரி, பெப்ரவரி என்று சொன்னானா, சித்திரை, வைகாசி என்று சொன்னானா என்பதைக்கூடக் குறித்து வையுங்கள். ஒரு தரம் அப்படியும் மறுதரம் இப்படியும் சொன்னால் ஒப்பிட முடியாது. வைத்தியர் தாமாக மொழிபெயர்த்த பட்டியலை வெளிநாட்டுச் சராசரிகளோடு ஒப்பிடுவதும் தவறு. அந்தப் பிள்ளையை அதே பிள்ளையோடு மட்டும்தான் ஒப்பிடலாம்.

இடமும் முக்கியம். நமது மண்டபங்களுக்குத் தகரக் கூரை. மழை கொட்டினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேளாது. அந்த நேரத்தில் பத்துச் சொற்களை வாசித்தால் சோதிக்கப்படுவது காதுதான். பயிற்சி முடித்து மூச்சிரைக்க வந்தவுடன் எடுக்கக்கூடாது. இரவு தூங்காமல் படித்தவனுக்கும் காய்ச்சல்காரனுக்கும் இன்னொரு நாள் வைக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் இருத்தி ஒரே நேரத்தில் கணினியைத் தட்டவிடுவது, நேரத்தை மிச்சப்படுத்துமே தவிர நல்ல பேஸ்லைனைத் தராது. சமநிலைச் சோதனையை ஈரமில்லாத சமதளத்தில், வெறுங்காலோடா சப்பாத்தோடா என்று குறித்துக்கொண்டு செய்ய வேண்டும். கணுக்கால் சுளுக்கு இருந்தால் அதையும் எழுத வேண்டும். கண்ணாடி போடுபவன் கண்ணாடியோடுதான் எழுத வேண்டும்.

பழைய அடிகள், மைக்ரேன், கவனக்குறைபாடு, வாசிப்பதில் சிரமம், மனச்சோர்வு எதுவாயினும் முதல் பக்கத்தில் போக வேண்டும். உங்கள் மகனின் படிவத்தில் போன வருடத்து அடி திகதியோடும் ‘இரண்டு கிழமைத் தலையிடி’ என்ற குறிப்போடும் இருக்கட்டும். ஒரு தரம் கன்கஷன் வந்தவருக்கு இன்னொன்று வரும் வாய்ப்புக் கூடுதல். அந்தத் தலையிடி இன்னும் வந்துபோவதாக இருந்தால் பேஸ்லைனே எடுக்க வேண்டாம், முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். நோயோடு இருக்கும் நாளை நலமான நாளாகப் பதியக்கூடாதல்லவா?

‘குறைவாகச் செய்’ என்ற பெரிய பையன்களுக்கு

இந்தத் தந்திரம் உலகமெங்கும் உள்ளது. சாக்கை நனைத்து எடையைக் கூட்டிக் காட்டினால், கொழுந்து குறைவாகத்தானே தெரியும்? அதே கணக்குத்தான். கணினிச் சோதனைகள் பலவற்றில் ஒன்றுக்கொன்று பொருந்தாத பதில்களைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு உண்டு. எல்லாரும் அகப்படுவார்கள் என்று மட்டும் சொல்ல முடியாது. மகனுக்கு ஒழுக்கப் பாடம் நடத்தாதீர்கள், பதினாறு வயதில் அது ஏறாது. இரண்டு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். ஒன்று, சோதனை எண்ணை மட்டும் பார்த்து எந்த நல்ல வைத்தியரும் விளையாட அனுப்பமாட்டார். அறிகுறி, கழுத்து, கண்ணசைவு, நடை எல்லாம் பார்ப்பார். அந்தத் தந்திரம் பலிக்காமலே போகலாம். இரண்டாவது, அது பலித்துவிட்டால்தான் உண்மையான ஆபத்து. முதல் அதிர்ச்சி ஆறுமுன் இன்னொரு அடி பட்டால் குணமாகும் காலம் நீளும். மிக அரிதாக, குறிப்பாக இளவயதினரில், மூளை வேகமாக வீங்கி உயிரே போகலாம்.

கிரிக்கெட் பார்ப்பவனாக இருந்தால் 2019 ஓகஸ்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். ஜொஃப்ரா ஆர்ச்சரின் பந்து கழுத்தில் பட்டு ஸ்டீவ் ஸ்மித் விழுந்தார். சோதனையில் தேறி மீண்டும் துடுப்பெடுத்தாடவும் வந்தார். மறுநாள் காலையில் தலையிடியும் மந்தமும், போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக இறங்கிய லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றின் முதல் கன்கஷன் மாற்றுவீரர். வைத்தியர்கள் சூழ நிற்கும் இடத்திலேயே அறிகுறி ஒரு நாள் பிந்தி வருகிறது. தொலைக்காட்சியில் றக்பி வீரர் சில நிமிடம் வெளியே போய்த் திரும்பி வருவதைப் பார்த்துவிட்டு நமது பாடசாலைகளும் அப்படிச் செய்யப் பார்க்கின்றன. அந்த நடைமுறை, பயிற்சிபெற்ற வைத்தியரும் காணொளியும் உள்ள உயர்மட்டப் போட்டிகளுக்கு மட்டும். பாடசாலை மைதானத்தில் சந்தேகம் வந்தாலே வெளியே. அன்று திரும்பி இறங்குவதில்லை.

கணவர் சொல்லும் தொப்பி காது கிழிவதையும் தோல் வெடிப்பதையும் குறைக்கும். கன்கஷனைத் தடுப்பதாகக் காட்ட முடியவில்லை. மூளை மண்டையோட்டுக்குள் குலுங்குவதை வெளியே கட்டும் பஞ்சு எப்படி நிறுத்தும்? விரும்பினால் போடட்டும்; தொப்பி இருக்கிறதே என்று தலையைக் கொடுத்து மோதாமல் இருந்தால் சரி.

கையெழுத்து வைப்பதா?

மகன் 18 வயதுக்குக் குறைந்தவன். உங்கள் சம்மதம் கேட்கிறார்கள் என்பதே நல்ல அடையாளம். வைக்குமுன் நிலையத்திடம் எழுத்தில் கேளுங்கள்: தமிழில் நடத்துவீர்களா? முடிவின் பிரதி எங்கள் கையில் கிடைக்குமா? அடிபட்ட பிறகு மறுசோதனையை யார், எத்தனை நாளில் எடுப்பார், அதற்கு வேறு பணமா? முடிவைப் பயிற்றுநர் பார்ப்பாரா, வைத்தியர் மட்டுமா? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், வெறுஞ்சாக்கை நிறுத்துவிட்டுக் கொழுந்தை நிறுக்காமல் விடுவது போலத்தான்.

தமிழில் முடியாது என்றால் நான் அந்தப் பணத்தைக் கட்டமாட்டேன். ஸ்காட்-6 படிவம் இணையத்தில் இலவசம். தமிழ் தெரிந்த உங்கள் குடும்ப வைத்தியரிடம் முன்கூட்டியே நேரம் கேட்டு, அமைதியான அறையில், விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது எடுக்கலாம். தோட்ட டிஸ்பென்சரியில் வரிசை நிற்கும் காலைநேரத்தில் கேட்டால் நடக்காது. ஒரு பிரதி வீட்டில், ஒன்று விடுதியில், ஒரு படம் உங்கள் தொலைபேசியில். வளரும் வயதில் மூளை மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் புதிதாக எடுக்க வேண்டும். இரண்டு வருடப் பழைய பேஸ்லைன் பதினாறு வயதுக்காரனுக்கு உதவாது. பேஸ்லைன் இல்லையென்று அணியில் சேர்க்க மறுத்தால், வைத்தியர் எடுத்த இந்தப் பிரதியைக் காட்டிப் பேசுங்கள்.

மறுபடி அடிபட்டால்

கழுத்துவலி, இரட்டையாகத் தெரிதல், கைகாலில் பலவீனம் அல்லது விறைப்பு, கூடிக்கொண்டே போகும் தலையிடி, வலிப்பு, நினைவு தப்புதல், வாந்தி, வரவர மந்தமாதல் அல்லது முரண்டு பிடித்தல்: இவற்றில் ஒன்றிருந்தாலும் பேஸ்லைனைத் தேடாதீர்கள், 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். கழுத்து வலித்தால் தூக்கி இருத்தாதீர்கள். மகள் ஆடும் தோட்ட மைதானத்துக்கு அம்புலன்ஸ் ஏறி வர நேரம் பிடிக்கும். அதனால் ‘கொஞ்சம் பார்ப்போம்’ என்று நிற்க நமக்கு வசதியில்லை.

அவை இல்லையென்றால் 24 முதல் 48 மணித்தியாலம் ஓய்வு. இருட்டறையில் அடைத்துவைக்க வேண்டாம். மெதுவாக நடக்கலாம், தொலைபேசித் திரையைக் குறைக்கட்டும். தூங்கவிடக்கூடாது என்பது பழைய பயம். வைத்தியர் பார்த்த பிறகு தூங்கலாம், நீங்கள் இடையிடையே கவனித்தால் போதும். வைத்தியர் சொல்லாமல் எந்த மாத்திரையும் வேண்டாம். அஸ்பிரின், இபுபுரோஃபன் வகைகள் இரத்தக்கசிவை மோசமாக்கலாம், வேறு வலிமாத்திரைகள் அறிகுறியை மறைத்துவிடலாம். மறுசோதனை முதல் 72 மணித்தியாலத்துக்குள் இருந்தால்தான் ஸ்காட்-6க்குப் பெறுமதி கூடுதல். ஒரு கிழமைக்குப் பிறகு அதன் கூர்மை போய்விடும். ஓரிரு புள்ளி வித்தியாசத்தைக் கண்டு பதறவும் வேண்டாம். அடிபடாதவருக்கே நாளுக்கு நாள் அவ்வளவு மாறும்.

பிறகு படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். முதலில் அன்றாட வேலைகள். அடுத்து மெதுவான ஓட்டம் அல்லது சைக்கிள்: மகனின் வயதுக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 112 அளவில் தொடங்கி 143 வரை. இதில் தலையிடி பத்துக்கு இரண்டு புள்ளிக்கு மேல் கூடினாலோ ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தாலோ அன்று நிறுத்தி, மறுநாள் தொடரலாம். மூன்றாவது தனியாகச் செய்யும் பயிற்சி. அறிகுறி முற்றாகத் தீர்ந்த பிறகுதான் மோதலில்லாத அணிப் பயிற்சி, வைத்தியர் அனுமதித்தபின் மோதல் பயிற்சி, கடைசியாக மெட்ச். வகுப்புக்கும் டியூஷனுக்கும் முழுநேரம் போக முடியாதவன் மைதானத்துக்குப் போக முடியாது. பிள்ளைகளில் முழுக்குணமாக நான்கு கிழமைகூட ஆகலாம். பிரித்தானியா 2023இல் அடிமட்ட விளையாட்டுகளுக்கு வகுத்த வழிகாட்டி, 21 நாளுக்கு முன் போட்டிக்குத் திரும்புவதை அனுமதிப்பதில்லை. 14 நாள் அறிகுறியே இல்லாமல் இருந்தால்தான் மோதல் பயிற்சி. வைத்திய வசதி தூரமான நமது மலைப்பகுதிக்கு இந்தக் கணக்கே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

மகளை மறக்கவில்லை. உதைபந்தாட்டத்திலும் தலையோடு தலை மோதும். 8 முதல் 12 வயது வரை சிறுவர் ஸ்காட்-6 என்று தனிப் படிவம் இருக்கிறது; அதில் பெற்றோர் நிரப்பும் பகுதியும் உண்டு. மகனைக் காட்டும் அதே நாளில் அவளையும் கூட்டிப்போங்கள். அவளுக்கு 13 பிறந்ததும் பெரியவர் படிவத்தில் புதிதாக எடுக்க வேண்டும், பழையதோடு ஒப்பிட முடியாது. அவளது விளையாட்டு ஆசிரியருக்கு, வைத்தியரல்லாதவர்கள் கன்கஷனை அடையாளம் காண்பதற்கென்றே வெளியிடப்பட்ட சி.ஆர்.டி-6 (CRT6) என்ற படிவம் போதும். அதை அச்செடுத்து, தமிழில் எழுதி, முதலுதவிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டச் சொல்லுங்கள்.